மாப்பிள்ளைக் கதவு

மார்ச் 4

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா என்று யோசித்துவிட்டுப் போடாமலே விட்டேன். போட்டால், காரியம் ஆக வேண்டுமென்றால் அக்காவுக்கு அன்பு வந்துவிடும் என்பாய். காரியம் ஆக வேண்டித்தான் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுப்பாய் அல்லவா.

உன் அத்தான் படுக்கையில் விழுந்தது உன் காதுக்கு வந்திருக்கும். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல், 'இல்லை'. பசிக்கிறதா என்றால் இல்லை, தண்ணீர் வேண்டுமா என்றால் இல்லை. கொடுத்தால் மடமடவென்று குடிக்கிறார். ஆகவே பழைய பஸ் வாங்கி விற்கிற இந்த யார்டை இப்போது நான்தான் பார்க்கிறேன். சிரிக்காதே. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைத் தவிர வேறெதுவும் தெரியாமல் இருந்தவள், இப்போது வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடிக்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடம் பஸ் கேட்கிறது. பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்றால் பாதுகாப்புப் பரிசோதனையில் தேறிய சான்று இல்லாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக், டயர், ஸ்டியரிங், சீட்டு போல்ட்டு, தீயணைப்பான் எல்லாம் தேறிவிட்டன. பின்பக்க அவசரக் கதவுதான் மானத்தை வாங்குகிறது. எங்கள் ஊர்ப் பரிசோதகர் எல்லாம் சரி என்று எழுதுவதற்காகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் கதவு தானாகத் திறந்துகொண்டது. மூடினார், உட்கார்ந்தார், மறுபடி திறந்தது. மூடி நிற்காத கதவுக்குச் சான்று கிடையாது என்று போய்விட்டார்.

எங்கள் மெக்கானிக் நெட்டை தாழைப் புதிதாக மாற்றினான், ஸ்பிரிங்கை மாற்றினான். ஒன்றும் ஆகவில்லை. பஸ் காலியாக இருந்தால் நாள் முழுக்க நல்ல பிள்ளையாக மூடிக்கிடக்கிறது. யாராவது உள்ளே போய் உட்கார்ந்தால் திறக்கிறது. இந்த வண்டி போகவில்லை என்றால் யார்டைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

உன் கையெழுத்தைக் கேட்கவில்லை. சொந்தக்காரர் வண்டியில் நீ கை வைக்கக் கூடாது என்று தெரியும். நாளெல்லாம் பஸ்ஸைச் சோதிக்கிறவன், காரணம் என்னவாக இருக்கும் என்று மட்டும் சொல். வேறெதுவும் பேச வேண்டும் என்று தோன்றினால் நீயே ஆரம்பி.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

ஆள் உட்கார்ந்தால் திறக்கிறது என்றால் பஸ்ஸின் கூடே முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். பின்பக்கத் தரைக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் துருப்பிடித்திருந்தால் எடை ஏறியதும் கதவின் சட்டம் நகரும், தாழ் நழுவும். கதவுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே சாக்பீஸால் கோடு போடு. ஆட்களை உட்கார வைத்துப் பார். கோடு விலகினால் அந்த வண்டியை விற்காதே. வெல்டிங் வைத்து மூடிவிடலாம் என்று எவனாவது வந்து யோசனை சொல்வான். கேட்காதே.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தக் கதவு அந்த பஸ்ஸோடு பிறந்ததா, இல்லை ஷெட்டில் கிடக்கும் மாப்பிள்ளை சாமானா? பரிசோதனைக்குப் போகிற ஒவ்வொரு பழைய வண்டிக்கும் அதே நல்ல டயர், அதே நல்ல கதவு. இரவல் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை பெண் பார்க்கப் போகிற மாதிரி. சான்று கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பழைய ஓட்டை உடைசலை மாட்டி விற்பது. யார்டில் அதைப் பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டே செய்தீர்கள்.

என் மனைவி ஏறிய பஸ்ஸும் உங்கள் யார்டில் விற்றதுதான். பின்கதவு நன்றாகத் திறக்கிறது என்று அதற்கும் சான்று இருந்தது. கால்வாயில் சாய்ந்தபோது திறக்கவில்லை. முன்பக்கம் இருந்தவர்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பஸ்ஸைத் தூக்கி எடுத்து, நான் போய்ப் பார்ப்பதற்குள் அந்தக் கதவு மட்டும் காணாமல் போயிருந்தது. கதவை மாற்றினீர்களா என்று அத்தானைக் கேட்டேன். இல்லை என்றார். நீ அவர் பக்கம் நின்றாய்.

அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நீயே எழுதிவிட்டாய்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

ஆமாம், மாப்பிள்ளை சாமான்தான். முகத்தைச் சுளிப்பதற்கு முன்னால் முழுவதும் படி. யார்டு என் கைக்கு வந்ததும் அந்த ஷெட்டைத் திறந்தேன். டயரும் கண்ணாடியும் கதவுமாகத் துணி போர்த்திக்கொண்டு வரிசையாக இருந்தன. இனிமேல் இந்தக் கழற்றி மாட்டுகிற வேலையே கிடையாது, பரிசோதனைக்கு எதைப் போட்டுக்கொண்டு நிற்கிறதோ அதோடுதான் வண்டி வாங்குகிறவர் கைக்குப் போக வேண்டும் என்று நெட்டையிடம் சொல்லி எல்லாவற்றையும் இந்த பஸ்ஸுக்கே நிரந்தரமாக மாட்டச் சொன்னேன். யோக்கியமாகப் பிழைக்கலாம் என்று பார்த்தேன். அது இப்படி வந்து விடிந்திருக்கிறது.

கோடு போட்டோம். யார்டில் இருந்த எல்லோரையும் கடைசி வரிசையில் உட்கார வைத்தோம். கோடு மயிரிழை நகரவில்லை, கதவு மட்டும் திறந்தது. நெட்டை அடியில் புகுந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். துரு இல்லை, தளர்வு இல்லை. "அக்கா, வண்டி கல்லு மாதிரி இருக்கு. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று வெளியே வந்துவிட்டான்.

மறுநாள் எல்லோரையும் டீக்கு அனுப்பிவிட்டு நான் தனியாக ஏறினேன். உச்சி வெயில். உள்ளே அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரும்பி, கைப்பிடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். தாழ் நழுவினால் ஒரேயடியாகத் தெறிக்கும் என்று நெட்டை சொல்லியிருந்தான். இது அப்படி இல்லை. கைப்பிடி, பழகிய கை தூக்குகிற மாதிரி மெதுவாக எழுந்து, முழுச் சுற்றும் சுற்றி நின்றது. கதவு திறந்தது. திறந்த பிறகு காற்றில் ஆடவில்லை, அசையவில்லை. யாரோ அதைப் பிடித்துக்கொண்டு, இறங்கு இறங்கு என்று நிற்பது போல இருந்தது. நான் இறங்கிவிட்டேன். இறங்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

இறங்கியதும் என் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. அப்புறம் உள்ளேயிருந்து கைப்பிடி திரும்புகிற சத்தம். பாதி வந்து டக்கென்று நின்றது. மறுபடி பாதி, டக். மறுபடியும். உள்ளே யார் இருக்கிறார்கள், உட்கார்ந்திருந்த நான்தான் வெளியே நிற்கிறேனே. கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அந்த வெயிலில் கை நனைந்தது.

நீ சொன்ன மாதிரியே பள்ளிக்கூட மேனேஜர் வெல்டிங் யோசனை சொன்னார். பசங்க முன்னாடிதானே ஏறி இறங்கப் போறாங்க என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் இந்தக் கதவு திறந்தால் கடைசி வரிசைப் பிள்ளையின் கதி என்ன? இது கெட்டதாகவும் தெரியவில்லை தம்பி, நல்லதாகவும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 24

அக்கா,

அந்த பஸ்ஸில் யாரையும் உட்கார விடாதே. நீயும் ஏறாதே.

கால்வாயிலிருந்து தப்பித்தவர்களில் ஒரு நர்ஸ் அம்மா உண்டு. என் மனைவிக்கு முன் வரிசையில் இருந்தவர். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்களையெல்லாம் முன்னாடி போங்க முன்னாடி போங்கன்னு தள்ளி விட்டுட்டு, அவங்க மட்டும் பின்கதவத் திறக்கறேன்னு நின்னாங்க. கைப்பிடி பாதி வரும், டக்குன்னு நின்னுடும். மறுபடி இழுப்பாங்க, பாதி வரும். அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குது."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ அதைக் கேட்ட மாதிரி கற்பனை செய்கிறாய் என்று நினைத்திருப்பேன்.

அந்தக் கதவு ஷெட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று அத்தானைக் கேள். இல்லை என்றுதான் சொல்வார். அப்போதும் அதைத்தான் சொன்னார்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நர்ஸ் அம்மா சொன்ன இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் எந்நேரமும் இடது கையால், ஜன்னலுக்கு வெளியே யார்டில் நிற்கும் அந்த பஸ்ஸையே காட்டிக்கொண்டிருந்தார். ஏற்ற வேண்டுமா என்றால் இல்லை என்கிறார், கையை மட்டும் இறக்கவில்லை. நெட்டையும் நானுமாகத் தூக்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, முன்வழியாக இறங்கிப் பின்னால் வந்து நின்றோம். நீ யாரையும் ஏற்றாதே என்றாய். ஏற்றினேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

கதவு திறக்கவில்லை. கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. முதலில் சும்மா இருந்தார். பிறகு மோவாயை மேலே தூக்கித் தூக்கி மூச்சு வாங்க ஆரம்பித்தார், கழுத்து வரைக்கும் ஏதோ வந்துவிட்ட மாதிரி. நெட்டை வெளிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். கடப்பாரை வைத்து நெம்பினான். யார் உட்கார்ந்தாலும் பூ மாதிரித் திறக்கிற கதவு, அவருக்கு இம்மியும் அசையவில்லை. உள்ளே இடது கையால் கண்ணாடியைத் தட்டினார். அப்போதுதான் அவர் வாயிலிருந்து வேறொரு சொல் வந்தது. "திற" என்றார். "திற. திற." முன்வழியாக ஓடி ஏறி அவரைத் தூக்கி வந்தோம். சட்டை நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தது. வியர்வை என்று நெட்டை சொல்கிறான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சட்டையை மாற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "பரிசோதனை முடிஞ்சதும் நல்ல கதவக் கழட்டிட்டு, அந்தப் பாதி திரும்பற கதவ மாட்டி வித்தீங்களா? அப்புறம் பஸ்ஸ கால்வாயிலேருந்து தூக்கினதும், யாரும் பாக்கறதுக்குள்ள அதையே கழட்டிட்டு வந்து, தாழ மாத்தி, பெயின்ட் அடிச்சு ஷெட்ல வச்சீங்களா?"

எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது 'இல்லை' என்ற சொல்தான். அதை அவர் சொல்லவில்லை, தம்பி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ சொன்னது அத்தனையும் சரி. கதவைப் பற்றிக் கேட்க நீ வந்த அன்றைக்கு உன்னை வாசலோடு அனுப்பினேன். நான் வாயாடி வாயாடி என்று கூப்பிடுவேனே உன் மனைவியை, அவள் இருந்திருந்தால் என்னை நாலு வாங்கு வாங்கியிருப்பாள். அவளை நினைத்து இப்போதுதான் மனது விட்டு அழுதேன். இத்தனை நாள் கழித்து அழ வெட்கமாக இருக்கிறது. அவருக்கு இன்னும் நான்தான் ஊட்டிவிடுகிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸுக்குப் புதுக் கதவு வாங்கிச் சட்டத்தோடு மாட்டினோம். பரிசோதகர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், எழுந்தார், குதித்துக்கூடப் பார்த்தார். மூடியே நின்றது. கைப்பிடியைத் திருப்பியதும் திறந்தது. சான்று கொடுத்தார். வண்டி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

பழைய கதவு அதன் சட்டத்தோடு சுவரில் சாய்ந்து நிற்கிறது. அறுத்துப் போடலாம் என்றால் நெட்டை தொட மாட்டேன் என்கிறான். அதை என்ன செய்வது என்று சொல்லும் உரிமை உனக்குத்தான்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

அறுக்காதே. சட்டத்தோடு லாரியில் ஏற்றி எனக்கு அனுப்பு. ஈரமாக இருந்தால் துடைக்க வேண்டாம்.

முன்பென்றால் இதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடியிருப்பேன். இப்போது அந்த ஆசை இல்லை. கதவு மட்டும் போதும்.

தம்பி


மே 5

தம்பி,

கதவு வந்து சேர்ந்ததா என்று கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. இன்றைக்கு உங்கள் டெஸ்டிங் ஸ்டேஷனிலிருந்து யாரோ போன் செய்தார்கள். சார் வேலைக்கு வரவில்லையே, அங்கே வந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். ஜுரம் வந்தாலும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பிரேக் பார்க்கப் போகிற ஆள் நீ. சட்டத்தோடு எதற்குக் கேட்டாய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். இரண்டு வரியாவது போடு.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வேலைக்குப் போகவில்லை என்பது உண்மை.

என் பின்னறையில் சந்துப் பக்கம் ஒரு வாசல் உண்டு. அதன் நிலையைப் பெயர்த்துவிட்டு நீ அனுப்பிய சட்டத்தைப் பொருத்தச் சொன்னேன். வந்த கொத்தனார், "என்ன சார், வீட்டுக்கு பஸ் கதவா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிப் பழகியவன் நான். உனக்கும் அப்படியே எழுதுகிறேன். உட்கார்ந்தால் திறக்கிறது. வெளியே சந்துதான், எதிர்வீட்டுச் சுவர்தான், வேறொன்றும் இல்லை. கதவு கனமானது, தரை சரிவு, தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். சாத்திக்கொள்ளவில்லை. அவள் முகம் தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரியவில்லை. ஆனால் அவளேதான். எங்காவது கிளம்பும்போது நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவு பேசுகிறவள், அப்போது மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அதே மாதிரிதான் நிற்கிறாள்.

முதல் நாள் அவள் சொன்னபடி இறங்கினேன். பின்னால் மூடிக்கொண்டது. உடனே நீ எழுதிய அந்தச் சத்தம். பாதி, டக். பாதி, டக். வெளியிலிருந்து இழுத்தேன், வரவில்லை. சந்தைச் சுற்றி ஓடி முன்வாசல் வழியாக அறைக்குள் வந்தேன். யாரும் இல்லை. கைப்பிடி மட்டும் போய்ப் போய் நின்றுகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முழுவதும் திரும்பியது, கதவு திறந்தது, சத்தம் ஓய்ந்தது.

புரிகிறதா அக்கா? அவள் எல்லோரையும் இறக்கிவிடுகிறாள். எல்லோரும் இறங்கியதும் அவள் உள்ளே மாட்டிக்கொள்கிறாள். நான் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் கதவு திறந்திருக்கிறது. அதனால் நான் இறங்குவதில்லை. சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். இந்தக் கடிதத்தையும் அவரே தபாலில் போடுவார். தூக்கமும் நாற்காலியில்தான். தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊறியிருக்கிறது. பாதம்தான் நனைகிறது, கணுக்கால் வரை வரவில்லை.

நீ வர வேண்டாம்.

தம்பி


மே 16

தம்பி,

வர வேண்டாம் என்றால் வராமல் இருக்கிறவளா நான்? இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த கையோடு நானும் வந்து நிற்பேன்.

அந்தக் கதவைப் பெயர்த்து எறி என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அது அவளில்லை, உன் மனப்பிரமை என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். அந்தச் சத்தத்தை நானும்தான் கேட்டேன். அதைக் கேட்டுவிட்டு, நீ எழுந்து உன் வேலையைப் பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பாதம் நனைந்தது என்று எழுதுகிறாயே, அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

உன் அத்தானுக்குப் பேச்சு, அவரை பஸ்ஸில் உட்கார வைத்த அன்றோடு முழுவதும் போய்விட்டது. தானும் வருவதாகக் கையைக் காட்டுகிறார். அந்தக் கதவு அவருக்குத் திறக்காது என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் கேட்கிறார். கூட்டிவரவில்லை. அவரை நெட்டையின் பொறுப்பில் விட்டுவிட்டு வருகிறேன். யார்டு எப்படியோ போகட்டும்.

நான் வந்ததும் வழக்கம்போல என்னோடு வாதம் செய்யாதே. உன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டு வை. முதலில் நான் உட்காருகிறேன், அதற்கப்புறம் நீ எழுந்திரு. கதவு திறந்தே இருக்கும். அவள் என்னைத் திட்ட நினைத்தால் ஆசை தீரத் திட்டட்டும், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ அவள் சொன்னபடி இறங்கிப் போ. குளி, காலைத் துடை, ஸ்டேஷனுக்குப் போய் முகத்தைக் காட்டு, எங்காவது சூடாகச் சாப்பிடு. நீ திரும்பி வருகிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

அக்கா